மூன்றாவது பிம்பம்

அந்த மழைக்காலம் முழுக்க நான் அறையெடுத்திருந்த செம்பூருக்கும் மாட்டுங்காவுக்குமாக அலைந்துகொண்டிருந்தேன். என்னோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்யும் தோழி அப்போது கர்ப்பமாக இருந்தாள். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, கட்டிலை விட்டு எழுந்திருக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் கணவனுக்குப் புனேயில் வேலை. சனிக்கிழமை வந்து ஞாயிறு மாலை கிளம்பிவிடுவான். அதனால் மாட்டுங்காவில் அம்மா வீட்டுக்கு வந்து படுத்திருந்தாள். எங்கள் வேலை முடிகிற கட்டத்துக்கு வந்து நின்றதும் அதே சமயத்தில்தான். அவளால் வெளியே வர முடியாது. அவள் இல்லாமல் எனக்கு வேலை ஓடாது. ஆகவே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நான் அவள் கட்டிலருகே போய் உட்கார்ந்தேன்.

செம்பூரில் ஹார்பர் லைன் ரயில் ஏறி, குர்லாவில் பாலம் ஏறி இறங்கி, எல்லா ஸ்டேஷனிலும் நிற்கிற ஸ்லோ வண்டி பிடிக்க வேண்டும். உட்கார இடம் கிடைத்தாலும் உட்காரமாட்டேன். பெண்கள் பெட்டியின் வாசலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். சில நாள் சயானிலேயே இறங்கி மீதி தூரத்தை நடந்தே போய்விடுவேன். அந்த வருடம் எனக்கு எங்கேயும் நிலைகொள்ளவில்லை. நான் வேலை பார்த்த ஆராய்ச்சி நிறுவனத்தில் என் ஒப்பந்தம் வருடக் கடைசியில் முடிகிறது. அடுத்த வேலைக்கு நாலைந்து நாடுகளுக்கு விண்ணப்பம் போட்டிருந்தேன். எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, சமீபத்தில் என்ன கட்டுரை வெளியிட்டாய் என்பது. அந்தக் கட்டுரைதான் மாட்டுங்காவில் பாதியில் கிடந்தது.

என் வேலை என்னவென்று பலரிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஒருமுறைகூடத் திருப்தியாகச் சொன்னதில்லை. வானத்தில் ஓரிடத்தில் நூற்றுக்கணக்கான விண்மீன் மண்டலங்கள் கூட்டமாக நிற்கின்றன. அந்தக் கூட்டத்துக்கு நேர் பின்னால், இன்னும் எவ்வளவோ தூரத்தில், வேறொரு மண்டலம் இருக்கிறது. அதிலிருந்து புறப்பட்ட ஒளி முன்னால் நிற்கும் கூட்டத்தைத் தாண்டி வரும்போது கூட்டத்தின் ஈர்ப்பால் வளைகிறது. வளைந்து, இழுபட்டு, பெரிதாகி, ஒரே மண்டலம் நமக்குப் பல இடங்களில் தெரிகிறது. ஈர்ப்பு வில்லை என்று இதற்குப் பெயர். அந்தக் கூட்டம் குறுக்கே நிற்காவிட்டால் பின்னால் இருப்பது எவ்வளவு பெரிய தொலைநோக்கியிலும் ஒரு மங்கல் புள்ளிதான். அது நிற்பதால், பின்னால் இருக்கும் மண்டலத்துக்குள் நட்சத்திரங்கள் பிறக்கிற இடங்கள்கூடத் தனித்தனி முடிச்சுகளாகத் தெரிகின்றன. அந்த ஒளி புறப்பட்ட காலத்தில், பிரபஞ்சம் இளசாக இருந்தபோது, நட்சத்திரங்கள் எவ்வளவு வேகமாகப் பிறந்தன, எத்தனை சிறிய இடத்துக்குள் பிறந்தன என்பதுதான் எங்கள் கேள்வி.

நாங்கள் எடுத்துக்கொண்ட கூட்டத்தில் நீலமாக இரண்டு வில் தெரிந்தது. ஒன்றின் முனையை மற்றது தொடுவதுபோல வளைந்திருந்தன. எதிர்ப்பக்கம் தள்ளி ஒரு நீலத் திட்டு. மூன்றும் ஒரே மண்டலத்தின் மூன்று பிம்பங்கள் என்று வைத்துக்கொண்டோம். நிறம் அச்சாக ஒத்துப்போனது. இனி, கூட்டத்தில் எங்கெங்கே எவ்வளவு நிறை இருக்கிறது என்று கணினியில் ஒரு மாதிரி கட்ட வேண்டும். மாதிரி சரியாக இருந்தால், மூன்று பிம்பங்களையும் வந்த வழியே திருப்பி அனுப்பும்போது மூன்றும் ஒரே இடத்தில் போய்ச் சேரும். வில்கள் இரண்டும் சேர்ந்தன. மூன்றாவது சேரவில்லை. எப்படி மாற்றினாலும் கொஞ்சம் தள்ளியே போய் நின்றது.

தோழிதான் வழி கண்டுபிடித்தாள். அந்த மூன்றாவதின் பக்கத்தில், கண்ணுக்கு எதுவுமே தெரியாத வெற்றிடத்தில், ஒரு நிறைக் கட்டியை வைத்துப் பார்த்தாள். சட்டென்று மூன்றும் பொருந்திவிட்டன. ஒளியே இல்லாத, ஈர்ப்பால் மட்டும் தெரிகிற இருண்ட பொருளால் ஆன ஒரு கட்டி, ஒரு 'லம்ப்'! அது மட்டும் உண்மையென்றால், நட்சத்திரம் பிறக்கிற கதையைவிட இதுவே பெரிய செய்தி.

"லம்ப் இருக்குடி. ஐ ஆம் டெல்லிங் யூ, நிச்சயமா இருக்கு" என்றாள். மல்லாந்து படுத்து, வயிற்றுக்கு மேல் தலையணை வைத்து, அதன்மேல் லேப்டாப்பைச் சாய்த்திருந்தாள். கால் மட்டும் ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தது.

"காலை ஆட்டாதேன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று அவள் அம்மா அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தார். அவரை நான் மாமி என்று கூப்பிடுவேன். பாலக்காட்டுப் பக்கத்துக் குடும்பம்; மாமி பிறந்து வளர்ந்ததெல்லாம் மாட்டுங்காதான். ஒரு பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகள் அசையாமல் இருக்கிறாளா என்று பார்ப்பதே அவருக்கு இப்போது முழுநேர உத்தியோகம்.

"அம்மா, கால் ஆடினா ஒண்ணும் ஆகாது. டாக்டரே சொன்னார்."

"டாக்டர் சொன்னார், நான் சொல்லலையே. நீயாவது சொல்லேம்மா" என்று என்னிடம் வந்தார்.

"சொல்லுதேன் மாமி" என்றேன்.

தோழி சிரித்தாள். என் தமிழில் அவளுக்குப் பிடித்த சொல் அது. 'சொல்லுதேன்' என்று நான் சொல்வதைக் கேட்கவே ஏதாவது கேள்வி கேட்பாள். அவளுக்குத் தமிழ் பேசத்தான் வரும், எழுத்துக்கூட்டிப் படிக்க வராது. நான் தாராவியில் பிறந்தவள். ஏழாவது வரை முனிசிபல் பள்ளியில் தமிழ் வழியில் படித்தேன். அவள் ஒரு கல்லூரியில் நிரந்தரப் பேராசிரியை. நான் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் தாவிக்கொண்டிருப்பவள். இதையெல்லாம் நாங்கள் பேசிக்கொண்டதில்லை. பேசத் தேவையும் வந்ததில்லை, அந்த வாரம் வரை.

எங்களுக்கு இன்னும் ஒரு தரவு வரவேண்டியிருந்தது. நிறமாலை. வேறொரு நாட்டிலிருக்கும் பெரிய தொலைநோக்கியில் நேரம் கேட்டு வாங்கியிருந்தோம். அந்த வில்களின் ஒளியையும் திட்டின் ஒளியையும் பிரித்துப் பார்த்தால், அவை எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று சந்தேகமில்லாமல் தெரிந்துவிடும். மூன்றும் ஒரே தூரத்தில் இருந்தால் மூன்றும் ஒரே மண்டலம். ஆனால் அங்கே மேகம் மூடிக்கொண்டதாகவும், தள்ளிப்போவதாகவும் எங்களோடு சேர்ந்து வேலை செய்யும் வெளிநாட்டுக்காரர் எழுதிக்கொண்டே இருந்தார்.

"அனுப்பிடலாம்" என்றாள் ஒருநாள். "நிறம் ஒத்துப்போறது. மாடல் ஒத்துப்போறது. நிறமாலை வந்தப்புறம் இன்னொரு பேப்பர் எழுதிக்கலாம். கொழந்தை பொறந்துடுத்துன்னா அப்புறம் என்னால ஒண்ணும் முடியாது."

"வரட்டுமே" என்றேன்.

"எப்போ வரும்? அங்க மேகம், இங்க மழை. நான் இந்த ஃபேனைப் பாத்துண்டே கெடக்கேன். நேக்குப் பைத்தியம் பிடிச்சுடும்போல இருக்கு."

"அந்தக் கட்டி சரியா எங்க வேணுமோ அங்க போய் உக்காந்திருக்கு. அதான் எனக்கு ஒரு மாதிரி இருக்கு."

"வேண்டிய எடத்துல இருந்தா தப்பா? ஒரு ரீசன் சொல்லு."

"ரீசன் இல்ல. உறுத்துது."

"உறுத்துதுன்னு பேப்பர்ல எழுத முடியுமா?" என்று லேப்டாப்பை மூடினாள். "உனக்குத்தான்டி இந்தப் பேப்பர் இப்ப அவசரமா வேணும். எனக்கு இல்லை. நீ பேசறதைப் பார்த்தா நீ பர்மனென்ட், நான் கான்ட்ராக்ட் மாதிரி இருக்கு."

உண்மைதான். உண்மை என்பதாலேயே சுருக்கென்றது. எனக்கு அந்தக் கட்டுரை வேண்டும், வெறியாக வேண்டும். இருண்ட கட்டி என்று தலைப்பு வைத்து அனுப்பினால் எந்த நாட்டுக்காரரும் என் விண்ணப்பத்தை எடுத்துப் பார்ப்பார். காலையில் பல் விளக்கும்போதே அந்தத் தலைப்பை மனதுக்குள் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். ஆனாலும் ஒவ்வொரு முறை மாதிரியைத் திறக்கும்போதும், படத்தில் அந்த வெற்றிடத்தைப் பார்க்கும்போதும், ஏதோ சரியில்லை என்று மட்டும் தோன்றியது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

"உனக்கு நிரந்தர வேலை இருக்கு. தப்பானா பிழைச்சுக்குவே" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். மாமி காப்பி எடுத்துக்கொண்டு வந்தார். குடிக்காமலே இறங்கிவிட்டேன்.

ஸ்டேஷனுக்குப் போகாமல் நடந்தேன். கிங்ஸ் சர்க்கிள் தாண்டி, சயான் தாண்டி, கால் தாராவிக்கே கொண்டுபோய் விட்டது. அங்கே அப்பாவுக்குக் கடை இருக்கிறது. அரிசி, பருப்பு, தேங்காய் எண்ணெய், ஊரிலிருந்து வருகிற அப்பளம், கருப்பட்டி. குடும்பம் கோபர்கைரனேக்கு வீடு மாறி வெகுகாலமாகிவிட்டது. அப்பா மட்டும் தினமும் வாஷியில் ரயில் மாறிக் கடைக்கு வருகிறார். அந்தப் பகுதியை இடித்துக் கட்டப்போகிறார்கள் என்று பேச்சு. என்றைக்கு என்று யாருக்கும் தெரியாது. அதனால் அப்பாவும் என்னைப்போலத்தான் அந்த வருடம் எதிலும் நிலையாக இல்லை.

"என்னம்மா, மொகம் ஏன் இப்பிடிக் கெடக்கு? சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்ப்பா."

"பொய் சொல்லுத." கடைப் பையனிடம் எதிர் ஓட்டலிலிருந்து இட்லி வாங்கிவரச் சொன்னார். "பொண்ணு கேட்ட நெருள்காரங்க மறுபடி போன் போட்டாவ. பையன் ஐடி கம்பெனி. பொண்ணு என்ன வேல பாக்கான்னு கேக்காவ. நான் என்னத்தச் சொல்ல? ஆராய்ச்சின்னு சொன்னேன். அது எப்ப முடியும்னு கேக்காவ."

"முடியாதுப்பா. அதான் வேலையே."

"அது எனக்குத் தெரியும். அவங்களுக்கு எப்பிடிச் சொல்ல? பர்மனென்ட்டான்னு கேட்டா இல்லங்கணும். எந்த ஊர்ல இருப்பான்னு கேட்டா தெரியாதுங்கணும். வெளிநாட்டு வேல என்னாச்சு?"

"ஒண்ணும் வரல."

"வந்தா போயிருவியா?"

"வந்தா பாக்கலாம்."

வாடிக்கையாளர் ஒருவர் வந்ததால் பேச்சு நின்றது. அப்பா இந்தியில் விலை சொல்லிக்கொண்டே அரிசி நிறுத்துப் போட்டார். நான் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து இட்லியைத் தின்றேன். பாதியிலேயே எழுந்துவிட்டேன். அப்பா, "ஏன், நிக்காம ஓடுத?" என்றார். பஸ்ஸுக்கு ஓடினேன்.

அதன்பிறகு சில நாட்கள் மாட்டுங்காவுக்குப் போகவில்லை. நிறுவனத்தில் என் மேஜையில் உட்கார்ந்து கட்டியை எடுத்துவிட்டும் வைத்தும் மாதிரியை ஓட்டிப் பார்த்தேன். தேநீர் எடுக்கப் போவேன், திரும்புவேன், இன்னொரு தேநீர் எடுக்கப் போவேன். தோழியிடமிருந்து செய்தி இல்லை. நானும் அனுப்பவில்லை.

பிறகு ஒரு முற்பகல், மறுபடி மாட்டுங்காவுக்குக் கிளம்பி, குர்லாவில் பாலம் இறங்கிக்கொண்டிருந்தபோது போனில் மின்னஞ்சல் வந்தது. வெளிநாட்டுக்காரர் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: நிறமாலை தயார், நீயே பார்த்துவிடு. அதற்குமேல் அவர் எதுவும் சொல்லாததே எனக்குச் சொல்லிவிட்டது. பிளாட்பாரத்தில் ஒரு பெஞ்சைப் பிடித்து லேப்டாப்பைத் திறந்தேன். போனின் இணைப்பில் கோப்பு மெல்ல மெல்ல இறங்கியது. பக்கத்தில் ஓர் அம்மாள் மீன் கூடையோடு உட்கார்ந்து, என் திரையை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

வில்கள் இரண்டிலும் ஒரே இடத்தில் ஒரு கூர்மையான கோடு எழும்பியிருந்தது. நாங்கள் எதிர்பார்த்த தூரம்தான். மூன்றாவது திட்டிலும் ஒரு கோடு இருந்தது. ஆனால் வேறு இடத்தில். கொஞ்சநஞ்ச வித்தியாசமில்லை. அது வேறொரு மண்டலம், மிகவும் அருகிலிருப்பது. நிறம் மட்டும் தற்செயலாக ஒத்துப்போயிருக்கிறது. இல்லாத ஒன்றைப் பொருத்துவதற்காக நாங்கள் இல்லாத கட்டியை வைத்திருக்கிறோம்.

என் உறுத்தல் சரிதான் என்றானதில் சந்தோஷம் வரவில்லை. பாதிக் கட்டுரை போய்விட்டது. தலைப்பு போய்விட்டது. வருடக் கடைசி மட்டும் அப்படியே இருக்கிறது. ஒரு வண்டியை விட்டேன், அடுத்ததையும் விட்டேன். பிறகு மாட்டுங்காவுக்கு ஏறினேன். இதை அவளிடம் போனில் சொல்ல முடியாது.

மாமி வீட்டுப் பூட்டைப் பார்த்து நின்றபோது பக்கத்து வீட்டுக்காரர் தன் கதவைத் திறந்தார். காலையில் ரத்தப்போக்கு கண்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள், மாமியும் கூடப் போயிருக்கிறார் என்றார். டாக்ஸி பிடித்து ஓடினேன். போகும் வழியெல்லாம் என் மனதில் நிறமாலை இல்லை. கடைசியாக அவளிடம் சொன்ன வாக்கியம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் மாமி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். "இப்போ நின்னிருக்கு. கொழந்தைக்கு ஒண்ணும் இல்லைங்கறா. பிரசவத்தை இன்னும் ரெண்டு நாள் தள்ள முடியுமான்னு பாக்கறா. உள்ள போ, உன்னைத்தான் கேட்டுண்டே இருக்கா."

அவள் கையில் ஊசி குத்திக் குழாய் மாட்டியிருந்தார்கள். முகம் வெளுத்திருந்தது. நான் எதுவும் சொல்வதாக இல்லை. அவளே கேட்டாள்.

"வந்துடுத்தா?"

"அதெல்லாம் அப்புறம் பேசலாம்."

"உன் மூஞ்சியப் பாத்தாலே தெரியறது. வந்துடுத்து. சொல்லுடி."

"வேற வேற" என்றேன். "மூணாவது நம்மது இல்ல. ரொம்பப் பக்கத்துல இருக்கு."

கண்ணை மூடிக்கொண்டாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அப்போ லம்ப்?"

"இல்ல."

"நல்லவேளை, அனுப்பலை." கண்ணைத் திறந்தாள். "அனுப்பியிருந்தா ரெண்டு பேரும் எங்கயும் தலை காட்ட முடியாது." பிறகு, "அன்னிக்கு நான் சொன்னது..." என்று ஆரம்பித்தாள்.

"நானும்தான் சொன்னேன். விடு."

"சரி. அப்போ நம்ம மூணாவது எங்க?" என்றாள். "ரெண்டு வில்லும் அப்படி இருந்தா மூணாவது ஒண்ணு எங்கயாவது இருந்துதானேடி ஆகணும்? லம்பைத் தூக்கிட்டு, வில்லை மட்டும் வெச்சுண்டு ஓட்டிப் பாரு. அது எங்க இருக்கணும்னு மாடலே சொல்லும்."

அதற்குள் நர்ஸ் வந்து என்னை வெளியே அனுப்பிவிட்டார்.

டாக்டர்கள் எவ்வளவோ தள்ளிப் பார்த்தார்கள். கடைசியில் அறுவை சிகிச்சை செய்துதான் எடுத்தார்கள். பெண் குழந்தை. வேளைக்கு முந்தி வந்ததால் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். நான் ஒருமுறை கதவின் சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். என் உள்ளங்கை அளவுகூட இல்லாத முதுகு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு அங்கே நிற்க முடியவில்லை. அவள் கணவன் புனேயிலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தான். அவன் வராந்தாவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்துகொண்டே இருந்தான். கொஞ்சநேரம் நானும் கூட நடந்தேன்.

நிறுவனத்துக்குத் திரும்பி மாதிரியை முதலிலிருந்து கட்டினேன். வில்களில் தெரிந்த முடிச்சுகளை மட்டும் ஆதாரமாக வைத்தேன். கட்டி கிடையாது. கூட்டத்தில் கண்ணுக்குத் தெரிகிற மண்டலங்களும், கூட்டம் முழுவதும் பரவியிருக்கிற இருண்ட பொருளும் மட்டும். எந்த முறுக்கும் இல்லாமல் மாதிரி அமைதியாக உட்கார்ந்தது. மூன்றாவது பிம்பம் எங்கே இருக்கும் என்று கேட்டேன். அது காட்டிய இடத்தைப் பார்த்ததும் எரிச்சல்தான் வந்தது. கூட்டத்திலேயே பிரகாசமான ஒரு மண்டலத்தின் ஒளிவெள்ளத்துக்குள் காட்டியது. அங்கே எதைப் பார்க்க முடியும்?

அந்தப் பிரகாசத்தைக் கழிக்க வேண்டும். அந்த மண்டலத்தின் ஒளி நடுவிலிருந்து விளிம்புக்கு எப்படிக் குறைகிறது என்று கணக்கிட்டு, அதே அளவைப் படத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். கேட்க எளிது. முதலில் எடுத்தபோது நடுவில் கரிய ஓட்டை விழுந்தது. அடுத்தமுறை வளையம் வளையமாக மிச்சம் நின்றது. பல நாட்கள் அதையே செய்தேன். பொறுமை போய்விட்டது, மறுபடி வந்தது. ஒரு மத்தியானம் வெளியே கொட்டுகிற மழையில் நிறுவனத்தின் தோட்டம் முழுக்கத் தண்ணீர் தேங்கிக் கிடக்க, கழித்த படம் திரையில் வந்தது. மிச்சத்தில், மாதிரி சொன்ன இடத்தில், மங்கலாக ஒரு நீலத் துளி. அதற்குள் இரண்டு முடிச்சு.

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றுகொண்டேன். நம்பாமல், படம் முழுக்க ஒவ்வொரு புள்ளிக்கும் பதிவாகியிருந்த நிறமாலைத் தரவில் அதே இடத்தைத் திறந்தேன். கோடு இருந்தது. மெலிதாக, கீறல்போல, ஆனால் வில்களில் இருந்த அதே இடத்தில்.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். தோழி குழந்தையின் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள். பால் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

"கெடச்சுட்டு" என்றேன்.

"எங்க?"

"அந்தப் பெரிய கேலக்ஸிக்குள்ள. வெளிச்சத்துல மறைஞ்சி கெடந்திருக்கு."

"படம் அனுப்பு. இப்பவே அனுப்பு." அனுப்பினேன். "ரெண்டு முடிச்சு தெரியறது. பெருசு எந்தப் பக்கம்? வில்லுல பெருசு வெளிப்பக்கம் இருந்தா இதுல எந்தப் பக்கம் வரணும்னு மாடல் சொல்றதோ, அந்தப் பக்கம்தான் இருக்கா? பாருடி. அவசரப்படாதே."

பார்த்தேன். பெரிய முடிச்சு மாதிரி சொன்ன பக்கத்தில்தான் இருந்தது. சொன்னேன். அந்த முனையில் யாரிடமோ, "ஒண்ணுமில்லை, நல்ல சமாச்சாரம்தான்" என்று அவள் அழுதுகொண்டே இந்தியில் சொல்வது கேட்டது.

குழந்தை எடை கூடி வீட்டுக்கு வந்தது. கட்டுரையைத் திருத்தி எழுதினோம். இருண்ட கட்டி இல்லாத, பழைய கேள்விக்கே பதில் சொல்கிற கட்டுரை: அந்த முடிச்சுகள் எவ்வளவு சிறியவை, அவற்றுக்குள் எவ்வளவு வேகத்தில் நட்சத்திரங்கள் பிறக்கின்றன. யாரும் தூக்கிவைத்துக் கொண்டாடப்போவதில்லை. ஆனால் அதிலிருந்த ஒவ்வொரு வரியையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நான் சொல்வேன்.

அனுப்பிய கொஞ்ச நாளில் ஒரு வேலைக்கு நேர்காணல் வந்தது. வீடியோவில்தான். அன்றைக்குத் தாராவியில் அப்பாவைப் பார்த்துவிட்டுச் செம்பூருக்குத் திரும்பிவிடலாம் என்று போனேன். மழை பிடித்துக்கொண்டது. ஹார்பர் லைனில் தண்ணீர், வண்டி இல்லை. டாக்ஸிக்காரர்கள் கையை விரித்தார்கள். நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் கடை வாசலுக்கும் ரோட்டுக்குமாகப் பாய்ந்துகொண்டிருந்தேன்.

"எங்கன வச்சிப் பேசணும்?" என்றார் அப்பா.

"எங்கயாவது சத்தம் இல்லாத எடம் வேணும்ப்பா. நெட்டு கிடைக்கணும்."

"மேல ஏறு."

கடைக்குள் மரப்பலகை அடித்த பரண் இருக்கிறது. சரக்கு அடுக்குகிற இடம். அப்பா முன்னால் ஏறி இரண்டு மூட்டையை நகர்த்தி, ஒரு பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு, மேலே தன் துண்டை விரித்தார். நான் முதுகை வளைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பின்னால் அரிசி மூட்டையின் எழுத்து தெரியாதபடி துப்பட்டாவைத் தொங்கவிட்டேன். கீழே அப்பா ஷட்டரைப் பாதி இறக்கும் சத்தம் கேட்டது. யாரோ வந்து எண்ணெய் கேட்டார்கள். "அபி நை பாய், அந்தர் மேடம் கா மீட்டிங் சாலு ஹை" என்றார். இப்போது முடியாதாம், உள்ளே மேடத்துக்கு மீட்டிங் நடக்கிறதாம்! எனக்குச் சிரிப்பு வந்தது. அதோடு படபடப்பு கொஞ்சம் அடங்கியது.

திரையில் மூன்று பேர். அவர்களில் ஒரு பெண்மணி கட்டுரையைப் படித்திருந்தார். முதலில் மாதிரியைத் தவறாகப் பொருத்தியதை ஏன் கட்டுரையில் ஒரு பத்தியாகச் சேர்த்தீர்கள், விட்டிருக்கலாமே என்று கேட்டார். அந்தத் தவறு எவ்வளவு அழகாகப் பொருந்தியது என்று சொன்னேன். இல்லாத நிறையை வைத்தால் எதையும் பொருத்திவிடலாம், எங்களுக்கு அப்படித்தான் நடந்தது, இன்னொருவருக்கும் நடக்கும் என்றேன். அவர் எதையோ குறித்துக்கொண்டார். மழை தகரத்தில் அடித்த அடியில் நான் பேசியதில் பாதி அவர்களுக்குக் கேட்டதா என்றே எனக்குத் தெரியவில்லை.

இறங்கி வந்தபோது அப்பா பாதி ஷட்டருக்குக் கீழே குனிந்து மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"முடிஞ்சிட்டா?"

"முடிஞ்சிட்டு."

"நல்லாப் பேசின. ஒண்ணும் வெளங்கல, ஆனா தடுமாறல." பிறகு, "கெடச்சா எத்தன வருசம்?" என்று கேட்டார்.

"மூணு."

"அப்புறம்?"

"அப்புறம் வேற எங்கயாவது."

அவர் ஷட்டரைத் தூக்கினார். "நெருள்காரங்ககிட்ட வேண்டாம்னு சொல்லிருதேன்" என்றார். "சும்மா அவங்களயும் காக்க வச்சிக்கிட்டு." கோபமாகச் சொன்னாரா, விட்டுக்கொடுத்துச் சொன்னாரா என்று எனக்குப் புரியவில்லை. கேட்கவும் தைரியம் இல்லை. முட்டளவு தண்ணீரில் ஒரு கைவண்டிக்காரர் வந்து பருப்பு கேட்டார், அப்பா திரும்பிக்கொண்டார்.

வேலை கிடைத்தது. இதை எழுதும்போது விசாவுக்காகக் காத்திருக்கிறேன். செம்பூர் அறையில் பாதிச் சாமான் கட்டியாகிவிட்டது, மீதி கட்ட மனமில்லை. கிடைத்தால் அமைதியாகிவிடுவேன் என்று நினைத்திருந்தேன், ஆகவில்லை. அப்பாவின் கடையை எப்போது இடிப்பார்கள் என்று இன்னும் தெரியவில்லை. நான் போன பிறகு இடித்தால் அவர் பகலெல்லாம் என்ன செய்வார் என்ற நினைப்பு, எந்த வேலையின் நடுவிலும் வந்து நிற்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காவுக்குப் போயிருந்தேன். குழந்தை மாமியின் தோளில் விக்கிக்கொண்டிருந்தது. தோழி புதிதாகப் படமெடுக்கப்பட்ட வேறொரு கூட்டத்தைத் திரையில் திறந்து வைத்திருந்தாள். ஓரத்தில் சிவப்பாக ஒரு வில்.

"இதுக்கு டெலஸ்கோப்ல நேரம் கேட்டு எழுதணும். யார் எழுதறது?" என்றாள்.

"நான் வெளிநாடு போறவ. நீ எழுது."

"நான் கைக்கொழந்தைக்காரி. நீ எழுது."

"நிறமாலை இல்லாம இத வில்லுன்னே சொல்லக் கூடாது" என்றேன்.

"சரி, அப்போ அதையே முதல் வரியா எழுது" என்று சொல்லி லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள். மாமி குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு உள்ளே போனார். ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் தட்டத் தொடங்கினேன்.